பயணக் கேள்வி பதில்: அரை நாளுக்கு ஓர் ஊர் போதும்

கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன் நான் என்று இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து, கிரேக்கம் பற்றிய கடிதங்கள் நிற்கவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்குத்தான்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பி, உம்மாவையும் என்னையும் மே மாதம் கிரீட் தீவுக்கு அழைத்துப் போகிறான். ஹெராக்லியோன் நகரத்தில் தங்குகிறோம். தனி வண்டியில் அரை நாள் கிராமப்புறச் சுற்றுலா, வெளியில் உட்கார்ந்து சாப்பாடு என்று இரண்டு திட்டங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் க்னோசோஸ் அரண்மனை, மூன்று கிராமங்கள், எண்ணெய் ஆலை, ஒயின் தயாரிக்கும் இடம், கடைசியில் பிக்னிக். எல்லாம் ஐந்து மணி நேரத்தில். இன்னொன்றில் ஆர்க்கனேஸ் என்ற ஒரே ஊர், அப்புறம் ஆலிவ் தோப்பில் சாப்பாடு. பணம் இரண்டுக்கும் ஒன்றுதான். உம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். எதை எடுப்பது?
– வாசகி, கீழக்கரை

பதில்: இரண்டாவதை எடுங்கள். முதல் திட்டத்தைப் படிக்கும்போதே எனக்கு உம்மாவின் முழங்கால்தான் கண்ணில் நிற்கிறது. வலி உள்ளவர் வண்டியிலிருந்து இறங்கி, நாலு எட்டு நடந்து, திரும்ப ஏறி உட்காருவதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் மணி நேரம் போய்விடும். ஏழு இடங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோப்பில் பாய் விரிக்கும் நேரத்தில் ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சரக்குக் கப்பல்காரனுக்குத் துறைமுகத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். பைரேயஸிலும் ஹெராக்லியோனிலும் அந்த அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடியவர்களையும் தெரியும், ஒரு கிராமத்துக் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்தவர்களையும் தெரியும். உட்கார்ந்தவர்களுக்குத்தான் இன்றைக்கும் அந்த ஊர் ஞாபகம் இருக்கிறது. இது என் உறுதியான கருத்து. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆர்க்கனேஸ், ஹெராக்லியோனிலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். யூக்தாஸ் மலையடிவாரத்தில், திராட்சைக்கும் ஆலிவுக்கும் நடுவில் இருக்கிற ஊர். சதுக்கத்தைச் சுற்றிக் காப்பிக்கடைகள். உம்மா அங்கே ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் இருக்கட்டும். நீங்களும் தம்பியும் சந்துகளுக்குள் நடந்துவிட்டு வாருங்கள். கிரேக்கக் காப்பியில் தூள் அடியில் தங்கியிருக்கும், கலக்காமல் மேலாகக் குடிக்க வேண்டும். தோப்புக்குப் போகுமுன் கழிப்பறை வேலையையும் அந்தக் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், தோப்பில் கிடையாது. அங்கெல்லாம் குழாய்கள் குறுகலானவை. அதனால் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுவார்கள். உம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

எண்ணெய் ஆலை விட்டுப்போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். காய் பறிப்பதும் பிழிவதும் நவம்பரில் தொடங்கிக் குளிர்காலத்தில் நடக்கிற வேலை. மே மாதம் போனால் கழுவித் துடைத்த இயந்திரம்தான் நிற்கும். மே மாதத்தில் பார்க்க வேண்டியது மரத்தில் இருக்கிறது. அப்போதுதான் ஆலிவ் பூக்கும். வெள்ளையாக, கொத்துக் கொத்தாக, மிகச் சிறிய பூ. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆலிவ் மகரந்தம் பலருக்கு ஒவ்வாது. உம்மாவுக்கு இழுப்போ தும்மலோ இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

க்னோசோஸுக்கு வேறொரு நாள் காலை, கதவு திறக்கும் நேரத்தில் போங்கள். நகரத்திலிருந்து 5 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கிரேக்கத்தில் தொல்லியல் இடங்களுக்குள் வந்து விளக்கம் சொல்ல, உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்குத்தான் அனுமதி. வண்டி ஓட்டுகிறவர் வழியெல்லாம் கதை சொல்லலாம், வாசலோடு அவர் நின்றுகொள்வார். ‘தனி வழிகாட்டியோடு’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது ஓட்டுநரா, உரிமம் உள்ளவரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனிச் சாப்பாடு. முன்பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டிய விஷயம் இது, அங்கே போய்ச் சொன்னால் நேரம் கடந்திருக்கும். கிரீட்டில் பிக்னிக் கூடையில் அபாகி என்ற புகைபோட்ட பன்றி இறைச்சியும் லூகானிகோ என்ற தொத்திறைச்சியும் வைப்பது சாதாரணம். ‘இறைச்சியே வேண்டாம், ஒயினும் வேண்டாம், ஒயினில் சமைத்ததும் வேண்டாம்’ என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பதுண்டு. அதையும் பார்ப்பவர்கள் என்றால் அதையும் கேளுங்கள். இதெல்லாம் போனாலும் கூடை காலியாகிவிடாது. திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிய டோல்மாடெஸ், கீரை வைத்த சின்னப் பணியாரங்களான கலிட்சூனியா, தக்காளி, வெள்ளரி, ஊறவைத்த ஆலிவ், தைம் பூத் தேன் எல்லாம் இருக்கும். மீன் பொரித்து வைக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

டாக்கோஸ் என்று ஒன்று கட்டாயம் தருவார்கள். பார்லி மாவு ரொட்டியை இரண்டு தடவை சுட்டு, மேலே துருவிய தக்காளி, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் போட்டது. அந்த ரொட்டி கல் மாதிரி இருக்கும். உம்மாவுக்குப் பல் செட் இருந்தால், தண்ணீர் தெளித்துத் தக்காளிச் சாறு ஊறும் வரை பத்து நிமிடம் பொறுத்துக் கொடுங்கள். தொட்டால் அமுங்க வேண்டும், அதுதான் பதம். சாப்பாடு முடிந்ததும் ராக்கி என்ற சாராயத்தைச் சின்னக் கிளாஸில் நீட்டுவார்கள். உபசாரம்தான் அது. நெஞ்சில் கை வைத்து வேண்டாமென்று சிரித்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தோப்பில் தரை சமமாக இருக்காது. கல்லும் முள்செடியும் கிடக்கும். மடக்கு நாற்காலி ஒன்று, முதுகு சாய்கிற மாதிரி, கட்டாயம் வேண்டும் என்று எழுதுங்கள். வண்டியின் படி எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்புகிற நேரத்தை எடுத்தால், மே மாதம் அங்கே லுஹர் ஒன்றேகால் மணி வாக்கில் வரும், சாப்பாட்டு இடத்திலேயே தொழுதுகொள்ளலாம். கிப்லா தென்கிழக்கு. இடம் வேண்டும் என்று முன்னாலேயே சொன்னால் பாய் விரித்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

கேள்வி: சுத்த சைவம். கிரேக்கத்தில் ரொட்டியும் தக்காளியும் தவிர ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: நிறையக் கிடைக்கும். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் என்று வருடத்தில் பல நாட்கள் நோன்பு இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அந்தச் சமையலுக்கு ‘நிஸ்டீசிமோ’ என்று பெயர். ‘வெஜிடேரியன்’ என்று சொல்லிப் புரிய வைப்பதைவிட, கிராமத்தில் இந்தச் சொல் சட்டென்று வேலை செய்யும். ஆனால் அவர்கள் நோன்பில் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி எல்லாம் உண்டு. அதனால் கடலில் இருந்து எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை மறந்தவர்கள் தட்டைத் தள்ளிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டு வாங்க வேண்டியவை: மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, பச்சை வெங்காயமும் எண்ணெயும் போட்ட ஃபாவா, பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளிக் குழம்பில் அடுப்பில் வைத்து எடுத்த யீகாந்தெஸ், மலையில் தானாக முளைத்த கீரைகளை அவித்து எலுமிச்சை பிழிந்த ஹோர்தா. கப்பலில் கிரேக்க அதிகாரிகளுக்கு இந்த மூன்றையும் வாரந்தோறும் சமைத்திருக்கிறேன். காரம் இருக்காது. ஊறுகாய்ப் பாட்டில் எடுத்துப் போங்கள். நெய், பால் சேர்த்த இனிப்புகளை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் தடை இருக்கிறது.

கேள்வி: தோப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்கிற ஏற்பாடா? கிரேக்கர்கள் அப்படிப் போவார்களா?
– கல்லூரி மாணவி, ராமநாதபுரம்

பதில்: போவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்குகிற திங்கட்கிழமையை ‘சுத்தத் திங்கள்’ என்பார்கள். அன்றைக்கு ஊரே குடும்பத்தோடு வெளியில் கிளம்பிவிடும், நம் காணும் பொங்கல் மாதிரி. அந்த ஒரு நாளுக்கென்றே சுடுகிற லகானா என்ற தட்டை ரொட்டி, ஆலிவ், அல்வா, கணவாய் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளோடு பெரியவர்களும் பட்டம் விடுவார்கள். மே முதல் தேதியும் அப்படித்தான். காட்டுப் பூப் பறித்து வளையமாகக் கட்டி வாசற்கதவில் தொங்கவிடுவார்கள். வாய்த்தால் இந்த இரண்டில் ஒரு நாளில் அங்கே இருங்கள், தனிச் சுற்றுலாவே தேவைப்படாது.

கேள்வி: மரத்திலிருந்து ஆலிவ் பறித்து அப்படியே தின்னலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: முடியாது. அவ்வளவு கசப்பு. வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தால்தான் வாயில் வைக்க முடியும்.

கேள்வி: பள்ளி ஆசிரியர் நான். ஜூலையில் நீண்ட விடுப்பு எடுக்க முடியும். அப்போது கிரேக்கத்துக் கிராமங்களுக்குப் போகலாமா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: கோடை விடுமுறையில் மே மாதமே போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காட்டுத்தீ வருடாவருடம் வருகிறது. சில நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஜூலைதான் முடியும் என்றால் மாலைச் சுற்றுலாவை எடுங்கள், ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். மதியம் மூன்று முதல் ஐந்தரை வரை கிராமம் தூங்கும், கதவைத் தட்டக் கூடாது. தோப்பில் அடுப்பு மூட்டவே கூடாது. அவசர எண் 112.

கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் என்றால் வாங்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்கு விடுகிறோம். ஜனவரியில் ஒரு கிரேக்கத் தம்பதி வருகிறார்கள். அரை நாள் கிராமச் சுற்றுலாவும் சாப்பாடும் கேட்கிறார்கள். தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, பாம்பன், தனுஷ்கோடி என்று போட்டிருக்கிறேன். சரியா?
– வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: தம்பி, கீழக்கரைத் தங்கச்சிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். நீங்கள் போட்டிருப்பது இரண்டு நாள் வேலை. தனுஷ்கோடிக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். அரை நாளுக்கு உங்கள் பக்கத்திலேயே காரங்காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் படகில் காலை வெயில் ஏறுமுன் அலையாத்திக் காட்டுக்குள் போய் வாருங்கள். ஜனவரியில் வலசைப் பறவைகள் இருக்கும். படகு உண்டா என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்து ஒரு பனங்காட்டில் பாய் விரியுங்கள். வேறு எங்கும் போக வேண்டாம்.

ஜனவரியில் நுங்கும் பதநீரும் கேட்டால் கிடைக்காது, பனங்கிழங்கு கிடைக்கும். தோண்டி எடுப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும், அவித்ததை உரித்துக் கொடுங்கள். கணவாய் கட்டாயம் செய்யுங்கள், அவர்களுக்கு உயிர். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சை பிழிந்து வையுங்கள். முருங்கைக்கீரையைத் தேங்காய் போடாமல் வதக்குங்கள், கீரை தின்று வளர்ந்தவர்கள் அவர்கள். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள், குழம்பில் கொட்டிக் காட்ட வேண்டாம். சோற்றை மட்டும் இலையில் வைத்துவிட்டு, இனிப்பைப் பனையோலைப் பட்டையில் கொடுக்கலாம். கீழக்கரைத் தொதல் வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசின் குடியேற்றப் பதிவில் ஏற்ற வேண்டும், விட்டுவிடாதீர்கள். கிழங்கு தோண்டுகிறவருக்கும் படகுக்காரருக்கும் பேசிய கூலியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். விருந்தாளிகள் முன்னால் காசுப் பேச்சு வரக் கூடாது. குடிக்கக் கொதிக்கவைத்து ஆறிய சீரகத் தண்ணீர், ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில்.