வீட்டை மகன் பெயருக்கு இப்போதே எழுதலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது, கணவர் இல்லை. என் பெயரில் ஒரு வீடும் கொஞ்சம் டெபாசிட்டும் உண்டு. வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் கடைசி வரை பார்த்துக்கொள்வதாக மகன் சொல்கிறான். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு அட்டை இருப்பதால் என் மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்தச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: இப்போது எழுதாதீர்கள் அம்மா. உங்கள் மகன் தங்கமானவராகவே இருக்கட்டும், செட்டில்மெண்ட் பதிவானதும் வீடு அவருடையது, நாளைக்கு அவர் கடனுக்காக அடமானம் வைத்தாலும் உங்களால் தடுக்க முடியாது. உயில் என்றால் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு சாட்சிகளோடு எழுதி வையுங்கள், மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

வீட்டில் அமைதி வேண்டும், எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: உங்கள் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் வசிக்கும் உரிமை, உங்களுக்குச் சாப்பாடும் மருத்துவமும் கவனிப்பும் தர வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை, பத்திரம் எழுதுபவரும் கேட்பதில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு நிற்பதே இந்த நிபந்தனையின் மேல்தான், அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்பினால் எழுதிக் கொடுத்தாலே அதற்குள் நிபந்தனை அடக்கம் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எதற்கு இந்த வழக்காடல், கறுப்பு மையில் நான்கு வரி எழுதிவிட்டால் போதுமே.

அப்படியே மகன் கவனிக்காமல் விட்டாலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம், பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான், இரவு பகல் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? அதனால்தான் வீடும் டெபாசிட்டும் உங்கள் கையில் இருக்கட்டும் என்கிறேன். மனு கொடுக்கத் தயக்கமாக இருந்தால் முதியோர் உதவி எண் 14567-இல் பேசிப் பாருங்கள், கட்டணம் கிடையாது.

சரி, காப்பீடு. உங்கள் மகன் சொல்லும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை நல்லதுதான், உடனே வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது, வேறு பாலிசி இருந்தாலும் தடையில்லை. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் அது உதவாது. பாலிசியை நிறுத்திவிட்டு இந்த வயதில் புதிதாக எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி-யும் இல்லை, அதனால் தொடருங்கள். பிரீமியத்தை மகனே கட்டட்டும், பழைய வருமான வரி முறையில் இருந்தால் 50,000 ரூபாய் வரை அவருக்குக் கழிவு உண்டு, ரொக்கமாக மட்டும் கட்டக் கூடாது.