ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கும் 410, 412, 407, 471 எல்லாம் விஷமா?

குழந்தைக்கு வாங்கிய வெனிலா ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கத்தில் 410, 412, 407, 471 என்று எண்கள் இருக்கின்றன, இவ்வளவு ரசாயனம் கலந்ததைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் பாதி டப்பா காலியான பிறகுதான் பின்பக்கம் கண்ணில் பட்டிருக்கும், இப்போது மனசு கேட்கவில்லை. பதறாதீர்கள், அவை உணவில் சேர்க்கும் பொருள்களுக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்கள்தான். இந்தக் கேள்வியை நான் தாண்டிப் போக முடியாது, காரணத்தைச் சொல்கிறேன்.

ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். கம்பெனிக்காரி கம்பெனிக்குத்தான் பேசுவாள் என்று யாராவது வருவார்கள். அந்த வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, எவரிடமும் ஒரு காசு வாங்கிக்கொண்டு இதை எழுதவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய டப்பா வாங்கிப் போனேன். அக்கா பின்பக்கத்தைப் படித்தாள், எல்லார் முன்னாலும் அதைக் குப்பையில் போட்டாள். "உங்க கம்பெனி பசையெல்லாம் என் பிள்ளை வயித்துக்குள்ள போக வேண்டாம்" என்றாள். குழந்தை அழ ஆரம்பித்தது. மாமா ஒன்றும் பேசாமல் நின்றார். அன்று சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன். சாப்பாட்டைத் தூக்கிப் போட்டது கூடப் பரவாயில்லை, நான் பிள்ளைகளுக்குக் கேடு செய்து சம்பாதிப்பவள் என்று அவள் நினைத்ததுதான் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் வீட்டு அடுப்படியிலேயே இரண்டு கலவை செய்தேன். இரண்டிலும் பால், க்ரீம், சர்க்கரை, வெனிலா. ஒன்றில் மட்டும் கிலோவுக்கு இரண்டு கிராம் 412 சேர்த்தேன். 412 என்பது கொத்தவரை விதையை அரைத்து எடுக்கும் பசை. 410 கரோப் மரத்தின் விதை, 407 செம்பாசி என்னும் கடற்பாசி. அக்கா கையில் கொஞ்சம் பொடியைப் போட்டுத் தண்ணீர் விட்டேன், கொழகொழவென்று ஆனது. "இதுவா?" என்றாள்.

முதல் நாள் எதுவும் சேர்க்காத கலவைதான் ருசியாக இருந்தது. மறைக்க மாட்டேன், என் நாக்கும் அதையே சொன்னது. ஆனால் இரண்டு வாரம் அதே ஃப்ரீசரில், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி வைத்திருந்த பிறகு, அது வாயில் கல்லுப்பு மாதிரி நறநறத்தது. 412 போட்டது ஏறக்குறைய அப்படியே இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஃப்ரீசரின் குளிர் ஏறி இறங்கும்போதெல்லாம் சின்னப் பனித்துகள் உருகி, பெரிய துகளின் மேல் போய் மறுபடி உறைகிறது. துகள் சுமார் 50 மைக்ரானை, அதாவது 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் நாக்குக்குத் தெரிந்துவிடும். பசை, உறையாமல் மிச்சமிருக்கும் நீரைக் கெட்டியாக்கி அந்த வளர்ச்சியை மெதுவாக்குகிறது. வீட்டில் செய்து அன்றே சாப்பிடுகிறவர்களுக்கு அது வேண்டாம். தொழிற்சாலையில் இருந்து வண்டி, கிடங்கு, கடை என்று மாதக்கணக்கில் பயணம் போகும் டப்பாவுக்கு வேண்டும்.

471 கொஞ்சம் வேறு, அது பசை இல்லை, எண்ணெயிலோ கொழுப்பிலோ இருந்து செய்யும் மோனோ, டை கிளிசரைடு. கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். ஐஸ்கிரீமில் அதன் முக்கிய வேலை கிட்டத்தட்ட நேர் எதிர். அதிக அழுத்தத்தில் உடைக்கப்பட்ட கொழுப்புத் துளிகளைப் பால் புரதம் போர்வை மாதிரி மூடியிருக்கும். 471 அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்கிவிடும். காற்றை அடித்து உறைய வைக்கும்போது துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுக் குமிழிகளைத் தாங்குகின்றன. சீக்கிரம் உருகி வழியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அது தாவர எண்ணெயில் இருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பில் இருந்தும் வரலாம். சைவம் பார்ப்பவர்கள் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

எல்லாமே நல்லது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 466 (செல்லுலோஸிலிருந்து செய்யும் கெட்டியாக்கி), 433 (பாலிசார்பேட் 80, கொழுப்பையும் நீரையும் கலக்க வைப்பது) என்ற இரண்டையும் கொடுத்த எலிகளின் குடலில் நுண்ணுயிர்களின் சமநிலை மாறி அழற்சி வந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. எலிக்கு வந்ததால் நமக்கும் வரும் என்று அர்த்தமில்லை, ஆனாலும் தினமும் இவற்றைச் சாப்பிடுவதை நான் தவிர்ப்பேன். 102, 110 போன்ற சில செயற்கை நிறங்கள் இருந்தால், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். அந்த எண்களைப் பார்த்தால் நானும் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். நாலு வருடம் வேதியியலும் நுண்ணுயிரியலும் படித்தேன். சொந்தக்காரர்கள் இன்றுவரை "சமையல் படிப்பு" என்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் ஒவ்வொரு மாதிரியிலும் கிருமி இருக்கிறதா என்று கண் எரியப் பார்த்தவளிடம், "ஒரு பாயசம் வச்சுக் காட்டேன்" என்று கேட்பார்கள். எத்தனை பேருடைய வயிறு கெடாமல் இருந்தது அந்த வேலையால் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சரி, உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். எண்களுக்கு முன்னால் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். பால், க்ரீம் என்று தொடங்குகிறதா, தண்ணீர், சர்க்கரை, தாவர எண்ணெய் என்று தொடங்குகிறதா? அப்புறம் மில்லிலிட்டரையும் கிராமையும் ஒப்பிடுங்கள். ஒரு லிட்டர் டப்பா 500 கிராம் சுற்றித்தான் இருக்கிறது என்றால், ஏறக்குறைய பாதி காற்று. நீங்கள் சொன்ன நாலு எண்களில் எனக்குப் பயம் எதுவும் இல்லை. குழந்தைக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொடுங்கள். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, தினமும் வேண்டாம்.

அக்கா இப்போது கடையில் நின்றபடியே டப்பாவின் பின்பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். நேற்று வந்தது ஒரு புட்டிங். தண்ணீர், சர்க்கரை, எண்ணெய், அப்புறம் 102. வேண்டாம் என்று எழுதினேன். திருப்பி வைத்துவிட்டாள்.