களிம்பு: புண்ணுக்கா, பாத்திரத்துக்கா?

கேள்வி: கால்ல சிராய்ச்சுக்கிட்டு வந்தா எங்க அம்மாச்சி "களிம்பு தடவு, ஆறிடும்"னு சொல்லும். அதே அம்மாச்சி, பித்தளைச் சொம்புல மோர் இருந்தா "களிம்பு ஏறியிருக்கும், குடிக்காத"ன்னு அதட்டும். மருந்துக்கும் விஷத்துக்கும் எப்படிங்க ஒரே பேரு வந்துச்சு?
- மதுரை வாசகி

பதில்: ஒரே சொல்தாம்மா. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில ரெண்டு அர்த்தமும் இருக்கு.

ஈயம் பூசாத செம்புலயோ பித்தளையிலயோ புளி, மோர் பட்டு அப்படியே கெடந்தா விளிம்பு ஓரமா பச்சையும் நீலமுமா ஒண்ணு பூக்கும், நகத்தால சுரண்டினா பிசுபிசுன்னு ஒட்டும், அதான் அந்தக் களிம்பு. திருமூலர் "களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி"ன்னு பாடினாரே, அங்க இருக்கறதும் இதுதான், அத போய் ஆயின்ட்மென்ட்டுனு படிச்சா பாட்டே கெட்டுப்போயிடும். நெல்லுக்கு உமி மாதிரி, செம்புக்குக் களிம்பு மாதிரி, உயிரோட கூடவே இருக்கறது ஆணவ மலம், அதாவது 'நான்'ங்கற அழுக்குன்னு சைவ சித்தாந்தத்துல சொல்வாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச உவமை இது.

சரி, மருந்துக்கு எப்படி இந்தப் பேரு? கேப்பைக் களி, களிமண், களிம்பு மூணையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க, மூணுலயும் ஒரு குழைவு இருக்கு, விரல்ல எடுத்தா ஒட்டுற பதம். ஆனா அது மட்டும் காரணமில்லன்னுதான் நான் நினைக்கறேன். சித்த வைத்தியத்துல மத்தன் தைலம்னு ஒண்ணு உண்டு, ஊமத்தை இலைச்சாறு, தேங்கா எண்ணெய், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சறது. மயில்துத்தம்ங்கறது செம்போட உப்பு. பஞ்சுல நனைச்சா பாசி கலர்ல இருக்கும், பச்சை எண்ணெய்னே கேட்டு வாங்குவாங்க, சர்க்கரை வியாதிக்காரங்க கால்ல ஆறாம நிக்கிற புண்ணுக்குக்கூட மேல பூசறாங்க. ஐரோப்பாவுலயும் அந்தக் காலத்துல தேனும் காடியும் (வினிகர்) செம்புக் களிம்பும் சேர்த்துக் காய்ச்சி புண்ணுக்குப் போட்டிருக்காங்க. செம்புக்குக் கிருமியக் கொல்ற குணம் இருக்கு. அதனால பாத்திரத்துப் பச்சைக்குத்தான் முதல்ல அந்தப் பேரு, அங்கருந்து மருந்துக்குப் போயிருக்கணும், இது என்னோட கணிப்பு.

அதுக்காக சொம்புல இருக்கறதச் சுரண்டி புண்ணுல வச்சிடாதீங்கம்மா, வைத்தியருங்க மயில்துத்தத்த சுத்தி செஞ்சு அளவு பார்த்துத்தான் சேர்ப்பாங்க. மோர் விஷயத்துல அம்மாச்சி அதட்டினது நூத்துக்கு நூறு சரி.