கனடாவில் ஓவியருக்கு அரசாங்கம் சம்பளம் தருமா?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்திருக்கிறீர்கள், அதற்கு முன்பே தஞ்சாவூரில் மாமாவிடம் பலகைப் படம் (அதாவது தஞ்சாவூர் ஓவியம்) போடக் கற்றுக்கொண்டீர்கள், இப்போது பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்து மனைவியோடு டொரன்டோ கிளம்புகிறீர்கள். "அங்கே ஓவியர்களுக்கு அரசாங்கமே வாரம் 325 கொடுக்கிறதாமே, அதை வைத்து வேறு வேலைக்குப் போகாமல் வரைந்துகொண்டே இருக்கலாமா அக்கா?" என்பது கேள்வி. நான் இப்போது லீவில் பாபநாசம் வந்திருக்கிறேன், கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 325 கனடாவில் இல்லை. அது அயர்லாந்து, வாரம் 325 யூரோ, 2022-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். எல்லாக் கலைத் துறைகளும் சேர்த்து 2,000 பேரை, திறமை பார்த்து அல்ல, தகுதியுள்ள விண்ணப்பங்களில் இருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பணம் கிடைக்காத ஆயிரம் பேரையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் கலைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கினார்கள், மனக்கவலை குறைந்தது என்று அந்த அறிக்கைகள் சொல்கின்றன. சும்மா காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று நம் ஊர்த் திண்ணையில் பேசுவார்களே, அதற்கு நேர் எதிர். எனக்கு மிகவும் பிடித்த திட்டம், நம் மாநிலத்திலும் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் நீங்கள் போகிற நாட்டில் அது கிடையாது.

கனடாவில் கலைஞர்களின் வருமானம் எப்படி என்றால், 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில் நடுநிலை வருமானம் (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) ஆண்டுக்கு 24,300 டாலர், எல்லாத் தொழிலாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் அதுவே 43,500. டொரன்டோ வீட்டு வாடகை உங்கள் மனைவிக்கு இதற்குள் தெரிந்திருக்கும், அவரிடமே கேளுங்கள். அதனால் முதல் சில வருடங்களுக்கு ஒரு வேலை வேண்டும், இதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்களில் பெரும்பாலோர் வாரத்தில் சில நாள் பள்ளியிலோ கடையிலோ வேலை பார்க்கிறவர்கள்தான்.

சரி, அப்படியானால் அங்கே என்னதான் கிடைக்கும்? இரண்டு விஷயம் கிடைக்கும், இரண்டுமே நம் பக்கத்தில் இல்லாதவை.

ஒன்று, கனடா கலை மன்றம். கலை, கலாசாரம் பற்றி ஆராய அரசு அமைத்த மாஸி ஆணையம் 1951-ல் பரிந்துரை செய்து 1957-ல் தொடங்கியது. இரண்டு பெரும் பணக்காரர்கள் இறந்தபோது அரசுக்கு வந்த வாரிசு வரியில் இருந்துதான் அதற்கு முதல் நிதி போட்டார்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல். அங்கே மானியம் யாருக்கு என்பதை அமைச்சரோ அதிகாரியோ முடிவு செய்வதில்லை, உங்களைப் போன்ற கலைஞர்களே நடுவர் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். குடிமகனாகவோ பி.ஆர். உள்ளவராகவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். தொழில்முறைக் கலைஞர் யார் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விளக்கத்தைக் கவனமாகப் படியுங்கள்: அந்தத் துறையில் பயிற்சி வேண்டும், ஆனால் அது கல்லூரியில்தான் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாமாவின் பட்டறையில் கற்றதும் பயிற்சிதான். நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் கல்லூரிப் பட்டத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு பட்டறை வருடங்களை மறைத்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் காட்சி உரிமை என்று ஒன்று இருக்கிறது. 1988 ஜூன் 7-க்குப் பிறகு உருவான ஒரு படைப்பை, விற்பனைக்கோ வாடகைக்கோ இல்லாமல், மக்கள் பார்க்க வைப்பதற்கு ஓவியரின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு அவர் பணம் கேட்கலாம். அதாவது அருங்காட்சியகமோ பொதுக் காட்சிக்கூடமோ உங்கள் படத்தைச் சுவரில் மாட்டினாலே உங்களுக்குக் கூலி. இது தானாக வந்துவிடவில்லை. ஜாக் சேம்பர்ஸ் என்ற ஓவியரும் கூட இருந்தவர்களும் 1968-ல் ஒன்டாரியோவின் லண்டன் நகரத்தில் கார்ஃபாக் என்ற சங்கத்தைத் தொடங்கிப் போராடினார்கள். தேசிய காட்சிக்கூடத்தோடு நடந்த வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஓவியர்கள் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எந்த அளவுக் கண்காட்சிக்கு எவ்வளவு என்று அந்தச் சங்கம் வருடாவருடம் கட்டண அட்டவணை போடுகிறது. இறங்கியதும் முதலில் அதைப் படியுங்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும், சுவர் வாடகை மட்டும் கட்டிவிடுங்கள்" என்று யாராவது வந்தால், அவர் தமிழரே ஆனாலும், மரியாதையாக மறுத்துவிடுங்கள். வியாபாரக் காட்சிக்கூடம் வேறு கணக்கு, அங்கே காட்சிக் கட்டணம் கிடையாது, விற்றால் பாதி அவர்களுக்குப் போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வாரம்தான் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் வெண்ணெய்த்தாழி கிருஷ்ணருக்கு மக்கு வேலை, அதாவது படத்தில் மேடாக எழும் பூச்சு வேலை, செய்துகொண்டிருந்தார். சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்ததைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு திருவாசி வளைவில் முத்து முத்தாக வைத்துக்கொண்டே போனார், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி துளியும் மாறவில்லை. காய்ந்த இடத்தில் அவர் மருமகள் தங்க ரேக்கை அளவாக வெட்டி ஒட்டி, விரல் நுனியால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார், படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கையெழுத்துப் போட மாட்டீர்களா என்று கேட்டேன். "சாமி படத்துல நாம எதுக்கும்மா" என்றார். அது அவர் பக்தி, அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் பில்லில் தன் கடைப் பெயரைப் பெரிதாகத்தான் போடுகிறார். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சுவாமிமலைச் சிலைக்கும் இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது, நல்லதுதான், ஆனால் அந்தப் பெரியவரின் கூலியை ஏற்றவில்லை. மத்திய அரசின் லலித் கலா அகாதெமி 1954-ல் இருந்து இருக்கிறது, அங்கே கல்லூரி ஓவியர்களுக்காவது ஒரு வாசல் உண்டு, பட்டறைக்காரருக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியபோது கூட, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் ஓவியர்கள் தாக்குப்பிடித்தார்கள். திறமைக்கு இங்கே என்றைக்குமே பஞ்சமில்லை, காட்டுகிற வேலைக்குக் கூலி என்ற எண்ணம்தான் இல்லை.

அப்புறம், உங்கள் விண்ணப்பம். நான் ஒரு சிறிய நடுவர் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் தங்க ரேக்கு வெள்ளைத் திட்டாகத் தெரியும், அவ்வளவு உழைப்பும் அதில் காணாமல் போய்விடும். "எங்கள் கலை பல நூற்றாண்டுப் பழமையானது" என்று அரைப் பக்கம் எழுதாதீர்கள், அது நடுவர்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் தேடிக்கொள்வார்கள். நீங்கள் அந்தப் பலகையை வைத்து இப்போது என்ன செய்யப்போகிறீர்கள், எதற்காக, எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில் என்பதை எழுதுங்கள். கல்லூரியில் அறுவடை முடிந்த வயல்களை வரைந்ததாகச் சொன்னீர்களே, அந்த வயலை மக்கும் ரேக்கும் வைத்துப் பலகையில் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கே பார்க்க ஆசையாக இருக்கிறது. அதே சமயம் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ் வீடுகளுக்குக் கிருஷ்ணர் போட்டுக் கொடுப்பதையும் விடாதீர்கள், அது உங்கள் வாடகையில் ஒரு பங்கு, கையும் பழக்கத்தில் இருக்கும்.

பெரிய மானியத்துக்கு உடனே பாய வேண்டாம். புதிதாக வந்த கலைஞர்களை மூத்த கலைஞரோடு சேர்த்துவிடும் வழிகாட்டித் திட்டங்கள் டொரன்டோ கலை மன்றத்தில் நடந்திருக்கின்றன, அப்போது எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்டாரியோ கலை மன்றத்தில் கண்காட்சிப் படத்துக்கு ஃப்ரேம் போட, படத்தை அனுப்ப என்று சிறு உதவி உண்டு. கலைஞர்களே நடத்தும் மையங்கள் நிறைய உண்டு, தெற்காசியக் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய சாவாக் அதில் ஒன்று. திறப்பு விழாக்களுக்குப் போய் நாலு பேரோடு பேசுங்கள், கூச்சப்பட்டு மூலையில் நிற்காதீர்கள். மானியம் வந்தால் அதுவும் வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும், அதனால் ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டுவிடும். டெல்டா ஈரத்தில் பிறந்த பலகை அதில் சுருங்கி வளையும், மக்கு விரிசல் விடும். அங்கே என் வீட்டுக் கிருஷ்ணரின் திருவாசியில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்து அங்கே ரேக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறது. அறையில் ஈரப்பதம் தரும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், ஹீட்டருக்கு மேலே படத்தை மாட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் மாமாவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை கற்றீர்கள், எந்தெந்தப் படங்களில் உங்கள் கை இருக்கிறது என்று, தமிழில் அவர் கையெழுத்திலேயே. மொழிபெயர்ப்பை அங்கே பார்த்துக்கொள்ளலாம். திட்டத்தை ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், நான் தை முடியும்வரை இங்கேதான் இருக்கிறேன், கும்பகோணத்துக்கே வந்து உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.