இறக்குமதி வரி குறையட்டும் என்று மின்சார கார் வாங்காமல் காத்திருக்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “22 முதல் 25 லட்ச ரூபாய்க்குள் ஒரு மின்சார கார் வாங்கலாம் என்று முடிவு செய்து, இரண்டு ஷோரூம்களில் ஓட்டியும் பார்த்துவிட்டேன். என் மைத்துனர் தடுக்கிறார். பிரிட்டனோடும் ஐரோப்பாவோடும் ஒப்பந்தம் பேசி முடித்தாயிற்று, இரண்டு வருடத்தில் வெளிநாட்டு மின்சார கார்கள் பாதி விலைக்கு வந்துவிடும், அப்போது உன் காரை யாரும் சீந்த மாட்டார்கள் என்கிறார். காத்திருக்கலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு மூன்று உள்நாட்டுக் கம்பெனிகளைக் காப்பாற்ற நாம் எதற்கு இவ்வளவு வரி சுமக்க வேண்டும்?”

முதல் கேள்விக்கு நேரான பதில்: வரி குறையும் என்பதற்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் பார்க்கும் விலையில் உள்ள கார்களுக்கு அந்தக் குறைப்பு வராது. இரண்டாவது கேள்வி என் தொழிலுக்குள்ளேயே கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு விலைக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. முழுக் காராகக் கப்பலில் வந்து இறங்கும் வண்டிக்கு, கார் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் சேர்த்த மதிப்பின் மேல் சுங்க வரி போடுவார்கள். அந்த மதிப்பு 40,000 டாலருக்குள் இருந்தால் 70 சதவீதம். தாண்டினால் 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் விலை உயர்ந்த கார்களுக்கு வரி 70 ஆகக் குறைந்துவிட்டது என்று ஒரு செய்தி ஓடியது. அடிப்படை வரியை 70 ஆக்கிவிட்டு, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி 40 சதவீதத்தை அதன் தலையில் வைத்தார்கள். கூட்டினால் பழைய 110தான்.

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 டாலர் கார் துறைமுகத்தில் 27 லட்சம். சுங்க வரி 18.90 லட்சம். ஆக 45.90 லட்சம். அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 48.20 லட்சம். டீலர் கமிஷன், குடோன் வாடகை, லாரிக் கூலி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதே கணக்கில், சரியாக 40,000 டாலரில் நிற்கும் கார் 64.26 லட்சத்துக்கு வெளியே வரும். மதிப்பு அந்த 40,000 டாலர் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதே கார் 79.38 லட்சம். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 15 லட்ச ரூபாய் வித்தியாசம்.

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து, மாடல் ஒய் காருக்கு 59.89 லட்சம் என்று விலை சொன்னபோது அதைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். ஜிஎஸ்டியைக் கழித்தால் 57 லட்சம். 70 சதவீத வரியையும் கழித்தால் 33.5 லட்சம். அன்றைய டாலர் மதிப்பில் சுமார் 39,000. அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும்படிதான் காரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சரி, வரி குறைந்தால் என்ன ஆகும்? குறைப்பதற்கு ஒரு வழியை மத்திய அரசு 2024 மார்ச்சிலேயே திறந்துவிட்டது. இந்தியாவில் குறைந்தது 4,150 கோடி ரூபாய் போட்டு, மூன்று வருடத்துக்குள் மின்சார கார் தயாரிக்க ஒப்புக்கொள்ளும் கம்பெனி, வருடத்துக்கு 8,000 கார் வரை 15 சதவீத வரியில் கொண்டுவரலாம். ஆனால் அந்தக் காரின் மதிப்பு 35,000 டாலருக்குக் குறையக்கூடாது. அதை ரூபாயாக்கி, 15 சதவீத வரியும் ஜிஎஸ்டியும் போட்டால் 38 லட்சம். உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே 13 லட்சம்.

அப்புறம் பிரிட்டன் ஒப்பந்தம். 2025 ஜூலையில் கையெழுத்தானது. பெட்ரோல், டீசல் கார்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வரி படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. மின்சார கார்களுக்கு முதல் ஐந்து வருடம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகும் 40,000 பவுண்டுக்குக் குறைந்த மின்சார காருக்குச் சலுகையே இல்லை. 2026 ஜனவரியில் பேச்சு முடிந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலும் மின்சார கார்களுக்கு உடனடிச் சலுகை இல்லை.

35,000 டாலர், 40,000 பவுண்டு என்பதெல்லாம் யோசித்துப் போட்ட எண்கள். டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், எம்ஜி எல்லோரும் முட்டி மோதும் 10 முதல் 30 லட்ச ரூபாய் சந்தையை எந்த ஒப்பந்தமும் தொடக்கூடாது என்பதுதான் நோக்கம். உங்கள் மைத்துனர் தனக்காக 60, 70 லட்சத்தில் கப்பலில் வரும் கார் பார்க்கிறார் என்றால் அவர் காத்திருப்பதில் பொருள் உண்டு. உங்களுக்கு இல்லை.

இன்னொரு விஷயம். காரின் விலை குறைவதற்கு வரி குறைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 மின்சார கார் 2023 செப்டம்பரில் முழு வண்டியாக இறக்குமதியாகி வந்தபோது விலை 66.90 லட்சம். 2025 ஜனவரியில் அதே ஐஎக்ஸ்1, கொஞ்சம் நீளமான உடம்போடு, செங்கல்பட்டு அருகே மஹிந்திரா சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்பட்டு வந்தது. விலை 49 லட்சம். முதல் வண்டியில் இரண்டு மோட்டார், இரண்டாவதில் ஒன்று. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 18 லட்சம் இறங்கியிருக்கிறது. முழுக் காருக்கான வரி விகிதம் மாறவில்லை. பூட்டும் இடம் மாறியது, அதனால் முழுக் காருக்கான வரி அதன் மேல் விழவில்லை.

உங்கள் விலைச் சந்தையிலும் நடந்துகொண்டிருப்பது இதுதான். 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் 13.50 லட்சத்தில் வந்தது. நவம்பரில் மஹிந்திரா பிஇ 6, 18.90 லட்சம். 2025 ஜனவரியில் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், 17.99 லட்சம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்து, அடுத்த மாதமே விஎஃப் 6 காரை 16.49 லட்சத்துக்கு அறிவித்தது. ஒரே வருடத்தில் நான்கு கம்பெனிகள், நான்கு புதிய கார்கள். இவற்றில் எதுவும் முழுக் காராக 70 சதவீத வரி கட்டி வரவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வரிச் சுவர் யாரைக் காப்பாற்றுகிறது?

சுவர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கசெல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். வெளிநாட்டுப் போட்டி என்ற பேச்சே இல்லாத காலம். நாட்டில் மூன்றே மூன்று கார் கம்பெனிகள், பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் மக்கள். மாருதி 800 வந்து சில வருடங்களிலேயே ஸ்டாண்டர்ட் மூடப்பட்டது. அம்பாசிடர் 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்போடு 2014 வரை இழுத்துக்கொண்டு ஓடியது. இத்தனை வருடப் பாதுகாப்பு அந்தக் கம்பெனிகளுக்கு ஒரு புது காரைச் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை.

அதே சுவர் 1990களில் வேறு மாதிரி வேலை செய்தது. உள்ளே வந்து தயாரிக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி 1998இல் சான்ட்ரோவை இறக்கியது. சுவர் இல்லாமல் இருந்திருந்தால் கொரியாவிலிருந்து கப்பலில் அனுப்பியிருப்பார்கள். சுவர் இருந்து போட்டி இல்லாமல் போயிருந்தால் சான்ட்ரோ இன்னொரு அம்பாசிடராகியிருக்கும். சுவருக்குள் மாருதியும் ஹூண்டாயும் டாடாவும் ஒருவர் கழுத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு ஓடியதால்தான் சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழில் வளர்ந்தது. என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: உள்நாட்டுத் தொழிலை நிமிர்த்தியது வரி அல்ல, வரிக்குள் நடந்த போட்டி.

ஒரு பட்டறையைச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் சாலையிலிருந்து உள்ளே போனால் வரும் வயரிங் யூனிட். ஆளுயரப் பலகையில் காரின் நரம்பு மண்டலம் போல ஒரு படம் ஒட்டியிருக்கும். படத்தின் வளைவுகளில் முளை அடித்திருப்பார்கள். அந்த முளைகளுக்கு நடுவே பெண்கள் கம்பிகளை இழுத்துப் பின்னி, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்டுவார்கள். பெட்ரோல் காரின் கம்பிக் கட்டு வெளியே பார்த்தால் கறுப்பு. மின்சார காரின் உயர் மின்னழுத்தக் கேபிள் ஆரஞ்சு நிறம், விரல் தடிமன், சும்மா வளையாது. அதற்குத் தனி பிரஸ், தனி சோதனை மேசை, தனிப் பயிற்சி. அந்த உரிமையாளருக்கு விலைக் கணக்குப் போட உட்கார்ந்தபோது அவர் வரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வருஷத்துக்கு எத்தனை வண்டி சார்?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு பாகத்தை வார்க்கும் அச்சுக்கு இரண்டு கோடி ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 10,000 வண்டிக்குப் பிரித்தால் வண்டிக்கு 2,000 ரூபாய். ஒரு லட்சம் வண்டிக்குப் பிரித்தால் 200 ரூபாய். ஒரு காரில் இப்படி நூற்றுக்கணக்கான பாகங்கள். உள்ளூர்க் காரின் விலை இறங்குவதும் இறங்காமல் நிற்பதும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் சுவரை ஒரே நாளில் இடித்தால், சீனாவில் பல லட்சக் கணக்கில் உற்பத்தியாகும் கார் வந்து அந்த எண்ணிக்கையை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆரஞ்சு கேபிள் பிரஸ்ஸுக்கு வாங்கிய கடன் மட்டும் பட்டறையில் நிற்கும். அதனால் இன்றைக்கு ஒரு சுவர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் சுவரால் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. மஹிந்திரா பிஇ 6 காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய பொறியாளர்களில் பெரும்பகுதி செங்கல்பட்டு அருகே உள்ள ஆராய்ச்சி மையத்தில். ஓட்டிச் சோதிக்கும் தடம் செய்யாறு பக்கம். காரைப் பூட்டுவது புனே அருகே சாகனில். பேட்டரியின் செல்களோ சீனாவின் பிஒய்டி கம்பெனியிலிருந்து. மின்சார காரின் செலவில் ஆகப் பெரிய பங்கு பேட்டரி, அதன் உயிர் செல். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது நம் கார் கம்பெனிகள் தவித்துப்போயின. மோட்டாருக்குள் போகும் காந்தம் வராவிட்டால், முழுக் காருக்கு 110 சதவீதம் வரி போட்டிருந்தும் என்ன பயன்?

சீனா செய்ததையும் பார்க்க வேண்டும். 2018இல் கார் வரியை 25லிருந்து 15 ஆகக் குறைத்தார்கள். டெஸ்லாவுக்கு உள்ளூர்க் கூட்டாளி இல்லாமலே ஷாங்காயில் ஆலை கட்ட அனுமதி கொடுத்தார்கள். ஏற்கெனவே செல் ஆலைகளும் மானியமும் இருந்தன. அதோடு வெளியிலிருந்து வந்த அந்த அழுத்தமும் சேர்ந்து அங்கேயுள்ள கம்பெனிகளைக் கூர்மையாக்கியது. ஐரோப்பா 2024 அக்டோபரில் சீன மின்சார கார்களுக்கு வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, எஸ்ஏஐசிக்கு 35.3 என்று கம்பெனிக்கு ஏற்றபடி வரி போட்டது. பிஒய்டி ஹங்கேரியில் ஆலை கட்ட இறங்கியது. அமெரிக்கா அதே வருடம் 100 சதவீதம் போட்டு வாசலை அடைத்துவிட்டது.

நாம் நடுவில் நிற்கிறோம். சீனா போல நம்மோடு எல்லை பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற 2020 விதி இருக்கிறது. பிஒய்டி 100 கோடி டாலரில் இங்கே ஆலை போடக் கேட்டது 2023இல் ஏற்கப்படவில்லை. பாதுகாப்புக் கவலை நியாயமானதுதான். எனக்குக் குறையாகப் படுவது வேறு. 70, 110 என்ற விகிதங்களுக்குக் கெடு தேதி இல்லை. இத்தனை வருடத்தில் 70, அப்புறம் 50, அப்புறம் 30 என்று இன்றே சட்டத்தில் எழுதிவிட்டால், கம்பெனிகள் ஒவ்வொரு வருடத்தையும் எண்ணிக்கொண்டு செல் ஆலையில் பணம் போடும். தேதி இல்லாத பாதுகாப்பு நம்மை மறுபடி பெருங்களத்தூருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இனி உங்கள் காருக்கு வருவோம். இறக்குமதி வரியைவிட உங்கள் பையைத் தொடப்போவது சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 24 லட்ச ரூபாய் கார் என்றால் 4.80 லட்சம். மின்சார காருக்கு இதில் விலக்கு தருகிறார்கள், ஆனால் கெடு வைத்துத் தருகிறார்கள். புக் செய்யும் முன் அந்தக் கெடு எந்தத் தேதி வரை என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். டெலிவரி தாமதமாகி அந்தத் தேதி தாண்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மறுவிற்பனை பற்றிய பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. விலை விழும், ஆனால் கப்பலில் வரும் காரால் அல்ல. இரண்டு வருடத்தில் இதே கம்பெனிகள் இன்னும் பெரிய பேட்டரியை இதே விலைக்குக் கொடுக்கும், அதனால் விழும். மூன்று வருடத்தில் காரை மாற்றும் பழக்கம் உள்ளவர் என்றால் புதிதாக வாங்காதீர்கள். இரண்டு வருடம் ஓடிய காரைப் பாருங்கள். ஏழெட்டு வருடம் வைத்திருப்பேன் என்றால் இப்போதே வாங்கலாம்.

இரண்டிலும் பேட்டரி உத்தரவாதத்தை வரி விடாமல் படியுங்கள். ஆயுட்கால உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல கம்பெனிகளில் முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவது கைக்கு எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.