இலங்கையில கிழக்கு மாகாண ஆளுநர் எண்டா ஆர், எப்ப வந்த பதவி?

திருகோணமலை உவர்மலைப் பக்கம், ஆளுநர் ஒபிஸ் இருக்கிற இடத்தால போகேக்க கொடி கட்டின கார் உள்ள போறதைப் பாத்துட்டு உதைக் கேக்கிறீங்க போல. 1987ல அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தால வந்த பதவிதான் இது, ஆளைப் போடுறது ஜனாதிபதி, காலம் 5 வருசம், ஆனா கனபேர் அவ்வளவுக்கு இருந்ததே இல்ல. முதல்ல வடக்கும் கிழக்கும் ஒண்டா இருந்ததால ரெண்டுக்கும் ஒரே ஆளுநர், நளின் செனவிரத்ன, ஆமியில இருந்தவர், பிறகு 95ல நடிகர் காமினி பொன்சேகாவும் வந்தார் (ஓம், அந்த சிங்களப் பட ஹீரோவேதான்!). 2006ல வந்த கோர்ட் தீர்ப்பால 2007 ஜனவரியில ரெண்டும் பிரிஞ்சது. பிறகு கிழக்குக்கு ஆளுநரா வந்த ஹிஸ்புல்லா 2019ல அஞ்சு மாசத்தில ராஜினாமா, 2023ல வந்த செந்தில் தொண்டமான் 2024 வரைக்கும் இருந்தார். 2017ல மாகாண சபை கலைஞ்சாப் பிறகு எலக்சனே இல்ல, அதான் இப்ப எல்லாத்துக்கும் ஆளுநர் கையெழுத்து.