உணவுக்குழாய் ஆபரேஷனுக்கு முன்பே இரைப்பையின் ரத்தக்குழாயை அடைப்பது ஏன்?

"புண் ஆற ரத்தம் வேண்டுமே, ஏன் முன்கூட்டியே அடைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ தேதி குறித்திருப்பார்கள் போல. பயம் நியாயம்தான். ஆனால் அந்தத் தமனிகள் ஆபரேஷனில் எப்படியும் வெட்டப்படப் போகிறவை.

புற்று வந்த உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைச் சுமார் 4, 5 செ.மீ. அகலக் குழாயாக்கி மேலே இழுத்து இணைக்கிறார்கள். அப்படி இழுக்க, இடது இரைப்பைத் தமனியும் மண்ணீரல் பக்கத்துக் குட்டித் தமனிகளும் போயாக வேண்டும். இரைப்பையின் பெரிய வளைவை (நீளமான வெளி விளிம்பை) ஒட்டி வலப்புறமிருந்து வரும் தமனிதான் முக்கியமாக மிஞ்சும். அதுவும் நுனிவரை எட்டாது. கடைசிப் பகுதி சுவருக்குள் ஓடும் நுண்குழாய்களை நம்பித்தான் பிழைக்கிறது. தையல் விழுவதோ சரியாக அந்த நுனியில். அது நெஞ்சுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் சுமார் 2, 3 வாரம் முன்பே லேப்ராஸ்கோப்பியில் வெட்டப்போகும் தமனிகளைக் கட்டுகிறார்கள்; அல்லது தொடை வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு கம்பிச்சுருள் (coil) வைத்து அடைக்கிறார்கள். முதல் சில நாள் நுனியில் ரத்தம் குறையத்தான் செய்யும். பிறகு நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டத் தொடங்கும். நாலைந்து நாளிலேயே ஆபரேஷன் செய்தால் அந்தப் பலன் கிடைக்காது. கீமோ, ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே இதை முடித்துவிடலாம்.

முதலில் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தாக வேண்டும். சிலருக்குக் கல்லீரலின் இடப்பக்கத் தமனி இடது இரைப்பைத் தமனியிலிருந்தே கிளம்பும். கவனிக்காமல் அடைத்தால் கல்லீரல் அடிவாங்கும். மண்ணீரல் தமனியையும் அடைத்தால் இடப்பக்க வலி, காய்ச்சல், சிலசமயம் மண்ணீரலில் ஒரு பகுதி செத்துப்போவது, கணைய அழற்சி எல்லாம் வரலாம்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் பெரும்பாலும் பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள்தான் என்று யாராவது சண்டைக்கு வந்தால், அதை ஒப்புக்கொள்கிறேன். பெருந்தமனியிலும் அதன் வயிற்றுக் கிளைகளிலும் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் நெடுநாள் ஆதங்கம். சாப்பாடு இறங்கவில்லை என்றதும் சர்ஜனைக் கேட்காமலேயே இரைப்பையில் ஃபீடிங் டியூப் போட்டுவிடுகிறார்கள். துளை பெரிய வளைவருகே விழுந்து, மிஞ்ச வேண்டிய அந்த ஒரு தமனி அறுந்தால் இரைப்பையே குழாயாக்க உதவாமல் போகலாம். சிறுகுடலில் டியூப் வைத்தால் இந்த வம்பே இல்லை. உங்கள் நோயாளிக்கு இன்னும் டியூப் போடவில்லை என்றால், போடுவதற்கு முன் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.